முடிவு தெரிஞ்ச கதையில் பதற்றம்: ஆண்டோருக்கு எப்படி அமைஞ்சது, ஓபி-வானுக்கு எங்கே நழுவிச்சு?

தாட்டூயின் தம்பி:

ஸ்பாய்லர் நிறைய இருக்கு. ‘ஆண்டோர்’, ‘ஓபி-வான் கெனோபி’ங்கற ரெண்டு ஸ்டார் வார்ஸ் சீரிஸும் முடிக்காதவங்க இப்படியே திரும்பிடுங்க.

‘ஓபி-வான் கெனோபி’யைக் குறை சொல்றவங்க எல்லாரும் முதல்ல சொல்ற காரணம் இதுதான்: ஓபி-வான், வேடர், லேயா மூணு பேருமே இந்தக் கதைக்குப் பின்னாடி நடக்கற 1977 ஸ்டார் வார்ஸ் படத்துல உயிரோட இருக்காங்க, அப்புறம் எவன் லைட்சேபரை (ஒளிவாளை) எடுத்தா நமக்கென்ன? சரி, ஒத்துக்கறேன். ஆனா ‘ஆண்டோர்’ ஹீரோ காசியன் கதையும் அதேதானே? 2016ல வந்த ‘ரோக் ஒன்’ பார்த்த எல்லாருக்கும் அவன் ஸ்காரிஃப் கடற்கரைலதான் சாகப் போறான்னு தெரியும். அதுவரைக்கும் அவனுக்கு எதுவும் ஆகாது.

அப்படியும் ‘ஆண்டோர்’ முதல் சீசன்ல நார்கினா சிறை எபிசோடுகள் பார்க்கும்போது நெஞ்சு அடிச்சுக்குது. ஓபி-வான் கடலுக்கடியில இருக்கற கோட்டைக்குள்ள புகுந்து லேயாவை மீட்டுட்டு வர்ற நாலாவது எபிசோடு கொட்டாவி விட வைக்குது. ரெண்டும் 2022, ரெண்டுமே சிறையில இருந்து தப்பிக்கற கதை. “எழுத்து நல்லா இருக்கு”ங்கற ஒரு வரிப் பதில் வேண்டாம். எந்த சீன்ல என்ன செஞ்சாங்க, என்ன செய்யாம விட்டாங்கன்னு சொல்லுங்க.

பழைய டிராய்டு:

நல்ல ஜோடியைத்தான் எடுத்திருக்கிறீர்கள். நார்கினாவில் எழுத்தாளர் செய்த வேலையைப் படிப்படியாகவே பிரித்துப் பார்க்கலாம்.

எட்டாவது எபிசோடில் காசியன் உள்ளே நுழைந்ததுமே சிறை எப்படி இயங்குகிறது என்பது முழுக்கக் காட்டப்படுகிறது. கைதிகளுக்கு வெறுங்கால். தரையில் மின்சாரம் பாயும், காவலர்களின் பூட்ஸைத் தாண்டி மட்டும் ஏறாது. மேசைக்கு 7 பேர், அறைக்கு 7 மேசை, தளத்துக்கு 7 அறை, மொத்தம் 7 தளம். இரண்டு ஷிஃப்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 5,000 பேர் வருகிறது. ஒரு ஷிஃப்டுக்கு 12 மணி நேரம். முந்துகிற மேசைக்கு உணவில் ருசி கிடைக்கும், கடைசி மேசைக்கு ஷாக் கிடைக்கும்.

தப்பிக்கும் திட்டம் இந்த விதிகளாலேயே ஆனது. கழிப்பறையில் தண்ணீர்க் குழாயைக் காசியன் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டு வருகிறான். ஒன்பதாவது எபிசோடில் உலாஃப் என்ற முதியவர் இறந்துபோகிறார். அவருடைய மேசையில் ஓர் இடம் காலி, ஆகவே மறுநாள் புது ஆள் வர வேண்டும், அவனை இறக்க லிஃப்ட் கீழே வந்தாக வேண்டும். அந்த ஒரு நிமிடம்தான் வாய்ப்பு. குழாயை உடைத்துத் தரையில் தண்ணீரை விட்டால் ஷார்ட் சர்க்யூட் ஆகும், காவலர்களின் முக்கிய ஆயுதம் போய்விடும். அதன் பிறகு மேலே ஓடி, கட்டுப்பாட்டு அறையைப் பிடித்து, மொத்த மின்சாரத்தையும் நிறுத்தச் செய்கிறார்கள். இதில் ஒரு படியைக்கூடப் பத்தாவது எபிசோடில் உட்கார்ந்து விளக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது விஷயம்தான் உங்கள் கேள்விக்கு நேரான பதில். காசியன் பிழைப்பானா என்ற கேள்வியை எழுத்தாளர் கையிலேயே எடுக்கவில்லை. அவர் கேட்கிற கேள்வி, கீனோ லாய் வாயைத் திறப்பாரா என்பது. விடுதலைக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருக்கும் ஃபோர்மேன் அவர். ஒரு தளத்தில் எத்தனை காவலர்கள் என்று காசியன் மறுபடி மறுபடி கேட்டும் பதில் சொல்லாதவர். விடுதலையான ஒருவனை வேறொரு தளத்தில் திரும்பக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள், அதைத் தெரிந்துகொண்ட இரண்டாம் தளத்தையே கொன்றுவிட்டார்கள் என்று மருத்துவர் மூலம் தெரிய வந்த பிறகுதான், எபிசோடின் கடைசி வரியாக, பன்னிரண்டு பேருக்கு மேல் இருந்ததே இல்லை என்கிறார். கீனோவுக்கு ‘ரோக் ஒன்’ காப்பீடு கிடையாது. கடல் விளிம்பு வரை எல்லோரையும் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத் தனக்கு நீச்சல் தெரியாது என்று அவர் சொல்வது வலிப்பது அதனால்தான்.

இப்போது அந்தக் கோட்டைக்கு வாருங்கள். அங்கே எத்தனை காவல், எதைச் செய்தால் மாட்டிக்கொள்வார்கள் என்று நமக்கு ஒன்றும் தெரியாது. ஓபி-வானுக்கு ரகசியமாக உதவும் பேரரசு அதிகாரி டாலா தன் அடையாளத்தைக் காட்டி உள்ளே போகிறார், சந்தேகப்பட்டவனை அதட்டி அனுப்புகிறார். வெளியேறும்போது ஓபி-வானின் கோட்டுக்குள் பத்து வயதுச் சிறுமி. தடையும் தெரியாது, தப்பும் வழியும் தெரியாது என்றால் பார்க்கிறவன் எதை வைத்துப் பயப்படுவான்? போதாக்குறைக்கு, கடைசியில் லேயாவின் குட்டி ரோபோவில் டிராக்கர் இருப்பதைக் காட்டி, ஓபி-வானை வேட்டையாடும் ரீவா வேண்டுமென்றேதான் விட்டாள் என்கிறார்கள். இருந்த கொஞ்சநஞ்ச வெற்றியும் காலி.

கோட்டுக்குள்ள லேயா:

என் பேரைப் பார்த்தாலே அந்த சீன் மேல எனக்கு எவ்வளவு பாசம்னு தெரியும். டிராய்டு சொன்னதோட இன்னொண்ணு சேர்க்கணும். லைட்சேபரை வயித்துல குத்தினா என்ன ஆகும்? யாராவது சொல்லுங்க பார்ப்போம்.

1999 படத்துல ஓபி-வானோட குரு குவை-கான் ஒரே குத்துல போயிட்டார். ஓபி-வான்ல ரீவாவோட மேலதிகாரி கிராண்ட் இன்க்விசிட்டர் ரெண்டாவது எபிசோடுல குத்து வாங்கிட்டு அஞ்சாவதுல கெத்தா வந்து நிக்கறார். ரீவா சின்னப் பிள்ளைல ஒரு தடவை, இப்ப வேடர் கையால இன்னொரு தடவை வாங்கறா. அடுத்த எபிசோடுல கிரகம் தாண்டி தாட்டூயினுக்கே வந்து லூக்கைத் துரத்தறா. 2023ல ‘அசோகா’ முதல் எபிசோடு சபீனைக் குத்திட்டு முடியுது, ரெண்டாவதுல எழுந்து கவசம் மாட்டிக்கிட்டுக் கிளம்பிடறா. இதுக்கப்புறம் குத்து விழற க்ளைமாக்ஸ் எதுலயும் நாம பதறப் போறதில்லை. வருங்காலம் தெரியும்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. ரீவா, சபீன் ரெண்டு பேரும் 1977 படத்துல கிடையாது, தாராளமா சாகலாம்.

மூணாவது எபிசோடு நெருப்பும் இதே ரகம். வேடர் ஓபி-வானை நெருப்புல போட்டு இழுக்கறார், அப்புறம் ஃபோர்ஸால (மந்திர சக்தியால) நெருப்பை அணைக்கறார். டாலா சுட்டதும் மறுபடி பத்திக்குது. இந்தத் தடவை அணைக்காம, சுத்திப் போகாம நின்னு வேடிக்கை பார்க்கறார். ரெண்டு எபிசோடு தள்ளி அதே ஆள் பறக்கற கப்பலைக் கையால கீழ இழுக்கறார்!

ஆனா ஒண்ணு, ஆறாவது எபிசோடுச் சண்டையை யாரும் தொடக்கூடாது. உடைஞ்ச முகமூடிக்குள்ள பாதி முகம், ஓபி-வான் மன்னிப்பு கேட்கறார், அனகினைக் (வேடரோட பழைய பேர், லூக்கோட அப்பா) கொன்னது நீ இல்லை, நான்தான்னு வேடர் சொல்றார். 1977ல ஓபி-வான் லூக்கிட்ட “உங்கப்பாவை வேடர் கொன்னுட்டான்”னு சொன்னது அப்பட்டமான பொய்யா இத்தனை வருஷம் நின்னுச்சு. இப்ப அது வேடரே கொடுத்த வாக்குமூலம். அங்க முடிவு தெரிஞ்சிருக்கறதுதான் சீனுக்கே பலம்.

பெஸ்கார் பாண்டி:

ஆண்டோரை வச்சே எல்லாத்தையும் அளக்கறது எனக்குப் பிடிக்கலை. இது விண்வெளி ஃபேன்டசி. எல்லா சீரிஸும் அரசியல் த்ரில்லரா இருக்கணும்னு என்ன தலையெழுத்து?

‘மாண்டலோரியன்’ முதல் சீசன் ரெண்டாவது எபிசோடைப் பாருங்க. அரை மணி நேரம்தான், வசனம் ரொம்பக் கம்மி. ஹீரோ டின்னோட கப்பலை ஜாவாக்கள்ங்கற காயலான் கும்பல் கழட்டிட்டுப் போயிடறாங்க. திருப்பித் தரணும்னா முட்டை வேணும். முட்டைக்கு மட்ஹார்ன்ங்கற மிருகத்தோட மோதணும். மோதித் தோக்கற நேரத்துல கூட இருக்கற குழந்தை குரோகு அதை அந்தரத்துல தூக்குது. ஒரு காரியம் அடுத்த காரியத்தைப் பிடிச்சு இழுக்குது, நடுவுல எதையும் உருவ முடியாது. அதோட நிக்கலை: மூணாவது எபிசோடுல மட்ஹார்ன் முத்திரையை “உதவியோட ஜெயிச்சேன்”னு வேண்டாங்கறான், எட்டாவதுல குழந்தையோட சேர்த்து வாங்கிக்கறான். குட்டிக் கதைன்னாலும் கணக்கு நேரா இருக்கு.

அதே சீரிஸ்தான் பின்னாடி கோட்டை விட்டுச்சு. 2020ல ரெண்டாவது சீசன் முடிவுல டார்க்சேபரை (மாண்டலோர் ஆட்சிக்கு அடையாளமான கருப்பு வாளை) சண்டையில ஜெயிச்சாத்தான் செல்லும்னாங்க. அதுக்கு முன்னாடி ‘ரெபல்ஸ்’ கார்ட்டூன்ல சபீன் சும்மா கையில கொடுக்க, மாண்டலோர் தலைவி போ-காட்டான் வாங்கிக்கிட்டா, அது வேற. மூணாவது சீசன்ல டின் போ-காட்டான்கிட்ட என்ன சொல்றான்? என்னை ஒரு ஜந்து பிடிச்சுச்சு, அந்த ஜந்தை நீ ஜெயிச்ச, அதனால சேபர் உனக்குன்னு. பட்டா மாத்தற மாதிரி முடிஞ்சு போச்சு. ரெண்டு பேரும் மோதுவாங்களான்னு ரெண்டு வருஷத்துக்கு மேல காத்திருந்தவங்களுக்கு அவ்வளவுதான்.

டின்னும் குரோகுவும் பிரிஞ்சதும் அப்படியே. அவ்வளவு அழவச்ச முடிவை ‘புக் ஆஃப் போபா ஃபெட்’ங்கற வேற சீரிஸ்குள்ள கொண்டுபோய் ரத்து பண்ணிட்டாங்க. அதுல இருக்கறதே 7 எபிசோடு. அஞ்சாவதுல போபா தலையே காட்டலை!

ஆண்டோர் ரெண்டாவது சீசன் மட்டும் என்ன சுத்தமா? முதல் மூணு எபிசோடுல காசியன் காட்டுக்குள்ள சண்டை போட்டுக்கற கும்பல்கிட்ட மாட்டிக்கிட்டு நேரத்தை ஓட்டறான். கிளர்ச்சிக்காரக் காதலர்கள் வெல், சின்டா பிரிஞ்சது திரைக்கு வெளியிலயே நடந்து முடியுது, ஆறாவதுல சேர்றாங்க, அதே எபிசோடுல சின்டா சாகறா.

ரீல் பெட்டி:

பாண்டி சொல்ற கடைசிக் குறைக்குக் காரணம் வடிவம்தான். ஆண்டோரை உருவாக்கிய டோனி கில்ராய் முதலில் போட்ட திட்டம் 5 சீசன். அத்தனை வருடம் இழுக்க முடியாது என்று ஆனதும் மிச்சம் 4 ஆண்டுக் கதையை ஒரே சீசனில் அடக்கினார்கள், 3 எபிசோடுக்கு ஓர் ஆண்டு. ஒவ்வொரு தொகுதிக்கும் நடுவில் ஓராண்டு காணாமல் போகிறது. வெல், சின்டா போன்ற துணைப் பாத்திரங்களின் உறவு அந்த இடைவெளியில்தான் விழுந்தது. பெரிய சம்பவங்கள் தப்பித்தன, ஏனென்றால் பேரரசு கோர்மன் கிரகத்தில் நடத்திய படுகொலைக்கு முழுத் தொகுதியே கிடைத்தது.

முதல் சீசனில் இந்தத் தொகுதி முறை கச்சிதம். 12 எபிசோடு: காசியனின் ஊரான ஃபெரிக்ஸ் 3, ஆல்தானிக் கொள்ளை 3, மூச்சு வாங்க ஒன்று, நார்கினா 3, மறுபடி ஃபெரிக்ஸ் 2. ஆல்தானி மூன்றையும் டான் கில்ராய் எழுதி சுசானா வைட் இயக்கினார், நார்கினா மூன்றையும் பியூ வில்லிமன் எழுதி டோபி ஹேன்ஸ் இயக்கினார். ஒவ்வொன்றும் ஒரு சினிமா நீளத்தில் தனக்கென ஒரு முதலும் முடிவும் உள்ள கதை. ஓபி-வான் நேர்மாறு. சினிமாவாக யோசித்ததை 6 எபிசோடாக நீட்டினார்கள். அதனால் லேயா கடத்தல், மீட்பு, மறுபடி கடத்தல், மறுபடி மீட்பு என்று ஒரே சக்கரம் இருமுறை சுற்றுகிறது.

இடமும் கதை சொல்லும். மாண்டலோரியனுக்குப் போட்ட எல்ஈடி அரங்கம் சுமார் 75 அடி விட்டம், 20 அடி உயரம். இரண்டு பேர் நின்று பேச அற்புதமான இடம், கூட்டம் ஓடித் திரும்ப இடமில்லை. ஃபெரிக்ஸ் தெருவை லண்டனுக்கு வெளியே லிட்டில் மார்லோவில் நிஜமாகவே கட்டினார்கள். மணிக்கோபுரம் எங்கே, ஓட்டல் எங்கே, ராணுவம் எந்த முனையில் என்று பன்னிரண்டாவது எபிசோடுக்குள் நமக்கு அத்துப்படி. இறந்தவர் சாம்பலைச் செங்கல்லாக்கிச் சுவரில் வைப்பது அவர்கள் வழக்கம் என்பதும் தெரியும். ஆகவே காசியனின் வளர்ப்புத் தாய் மார்வாவின் கல்லாலேயே அவன் நண்பன் பிராசோ ஒரு சிப்பாயை அடிக்கும்போது யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

தாட்டூயின் தம்பி:

கீனோ விஷயம் தெளிவாயிடுச்சு. ஒரு சந்தேகம். செனட்டர் மான் மோத்மா பேரரசைக் கண்டிச்சுப் பேசிட்டு செனட்டை விட்டு ஓடிப் போறது 2017லயே ‘ரெபல்ஸ்’ல வந்தாச்சு. அவங்களுக்கும் ஒண்ணும் ஆகாது. அப்போ ரெண்டாவது சீசன் ஒன்பதாவது எபிசோடு எப்படி நின்னுச்சு? கீனோ மாதிரி ஆள் அதுல யாரு?

பழைய டிராய்டு:

அங்கே தனி ஆள் இல்லை. அவரைச் சுற்றியிருக்கிறவர்களில் யார் யாருடைய ஆள் என்பதுதான் அந்த இடத்தை நிரப்புகிறது. ஓட்டுநர் குளோரிஸ் உளவாளி என்பது முன்பே நமக்குத் தெரியும். உதவியாளர் எர்ஸ்கின், கிளர்ச்சியை மறைவில் நடத்தும் லூத்தனிடம் சேதி சொல்லிக்கொண்டிருந்தவர் என்பது அன்றுதான் மோத்மாவுக்குத் தெரிகிறது. சக செனட்டர் பெய்ல் ஆர்கனா அனுப்பும் மீட்புக் குழுவிலேயே ஐஎஸ்பி (பேரரசின் உளவுத்துறை) ஆள் இருக்கிறான். கட்டடத்தை விட்டு வெளியேற வேண்டும், ஆனால் எந்தக் கையைப் பிடிப்பது? முன்பின் தெரியாத காசியனை நம்ப வேண்டிய நிலை. இன்னொரு கேள்வி, ஒளிபரப்பைத் துண்டிப்பதற்குள் எத்தனை வாக்கியம் வெளியே போகும் என்பது. அதற்கு முன்பே, பேச வாய்ப்பு வாங்கித் தர பெய்ல் ஒரு சபை நடைமுறை விதியைக் கையில் எடுப்பதையும் காட்டிவிடுகிறார்கள்.

‘ரெபல்ஸ்’ கதையையும் அழிக்கவில்லை. தலைநகர் கோருஸ்காண்டை விட்டு அவரை வெளியேற்றிய பாதி காசியனுடையது, அதற்குப் பிறகான பயணம் கார்ட்டூனில் வந்தது, வரலாற்றில் பெயர் கிளர்ச்சிப் படையின் கோல்டு ஸ்குவாட்ரன் விமானிகளுக்கு. அந்த எபிசோடுக்காக டான் கில்ராய்க்கு 2025இல் எம்மி கிடைத்தது. பார்ப்பதானால் 7, 8, 9 மூன்றையும் ஒரே மூச்சில் பாருங்கள். எட்டாவதில் கோர்மனைப் பார்க்காமல் ஒன்பதாவதில் பேச்சைக் கேட்டால் பாதி வேகம் போய்விடும்.

பெஸ்கார் பாண்டி:

அதுக்கு முன்னாடி அந்தக் காட்டு எபிசோடு மூணையும் தாண்டணுமே. அதையும் சொல்லி அனுப்புங்க.