கோழிக்கு ஆன்டிபயாடிக் கொடுத்த அனுபவம்: உங்கள் பண்ணையில் என்ன நடந்தது?

பல்லடம் பக்கம் எனக்கு ஒரு ஷெட், 4,000 பிராய்லர். நடந்தது 2019க்கு முன்பு, ஐப்பசி மழையில். குஞ்சு விட்ட 24ஆம் நாள் ராத்திரி ஷெட்டுக்குள் போனால் இருட்டில் கொர்கொர் என்று சத்தம். சளி. காலையில் மருந்துக் கடைக்கு ஓடினேன். கோழிக்கு என்ன வயது என்று மட்டும் கேட்டுவிட்டுக் கடைக்காரர் ஒரு பவுடர் கொடுத்தார். தண்ணீரில் கலந்து விட்டேன். இரண்டு நாளில் சத்தம் குறைந்த மாதிரி இருந்ததும் நிறுத்திவிட்டேன். நாலாம் நாள் காலையில் 30 கோழி செத்துக் கிடந்தது. திரும்பப் போனால், "இது கொஞ்சம் பவரானது" என்று இன்னொரு பவுடர். அதற்கும் சாவு நிற்கவில்லை.

அப்புறம்தான் செத்தது இரண்டு, சோர்ந்து உட்கார்ந்தது இரண்டு என்று எடுத்துக்கொண்டு நோய் ஆய்வகத்துக்குப் போனேன். டாக்டர் அறுத்துக் காட்டினார். ஈரல்மேல் பாலாடை படிந்த மாதிரி வெள்ளைப் படலம், இருதயத்தைச் சுற்றியும் அதே. ஈகோலை என்கிற பாக்டீரியா என்றார். சில நாள் கழித்து வரச் சொல்லி, கிருமி வளர்த்த வட்டத் தட்டு ஒன்றைக் காட்டினார். அதில் பொட்டு அளவில் காகித வில்லைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. மருந்துக்குக் கிருமி அடங்கினால் வில்லையைச் சுற்றித் தெளிவாக ஒரு வளையம் விழும். நான் கொடுத்த முதல் மருந்தின் வில்லையை ஒட்டியே கிருமி மண்டிக் கிடந்தது. வளையம் விழுந்தவை இரண்டே இரண்டு. எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

அவர் அடுத்துக் கேட்டது மருந்தைப் பற்றியே இல்லை. "மழைக்குப் படுதாவை முழுக்க இறக்கிவிட்டீர்களா?" ஆமாம், இறக்கியிருந்தேன். உள்ளே போனால் கண் எரியும் அளவுக்கு அம்மோனியா. தரையில் போட்ட நார்த்தூளை ஒரு பிடி அள்ளி இறுக்கினால் கட்டியாக நின்றது. தண்ணீர்த் தொட்டியின் உள்சுவர் வழவழவென்று பாசி. நோய் வந்த வழி இதுதான். இதைச் சரி செய்யாமல் எந்தப் பவுடரைக் கொட்டினாலும் அடுத்த பேட்சிலும் அதேதான் வரும். இப்போது மழைநாளிலும் மேல்பக்கம் ஓரடி காற்றுக்கு விடுகிறேன். பேட்சுக்குப் பேட்ச் தொட்டியையும் குழாயையும் கழுவி, தண்ணீருக்குக் குளோரின் போடுகிறேன்.

அந்த இரண்டாவது பவுடர் கொலிஸ்டின். வேறு மருந்து எதுவும் கேட்காத நோயாளிக்கு ஐசியூவில் கடைசியாக எடுப்பது அதைத்தான். கிருமியை அதற்கு அடங்காமல் செய்யும் ஒரு ஜீன், கிருமி விட்டுக் கிருமி தாவக்கூடியது, சீனாவில் பன்றியிடமும் கோழி இறைச்சியிலும் மனிதர்களிடமும் இருப்பதாக 2015இல் செய்தி வந்தது. 2019 ஜூலையில் மத்திய அரசு கால்நடைக்கும் கோழிக்கும் கொலிஸ்டினைத் தடை செய்தது. நான் அதைத் தீவனம் மாதிரி அள்ளிப் போட்டிருக்கிறேன். நினைத்தால் இன்றும் மனசு உறுத்துகிறது.

*

அண்ணா, நாங்கள் காங்கயம் பக்கம். நாட்டுக்கோழி 40 வைத்திருந்தேன். மாசியில் ஒவ்வொன்றாக உறங்க ஆரம்பித்தது, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது, சிலதுக்குக் கழுத்து திருகிக்கொண்டது. வீட்டில் எங்களுக்கு வாங்கி மீந்த மாத்திரையைப் பொடித்துச் சோற்றில் பிசைந்து வைத்தேன். 31 போய்விட்டது. அது வெள்ளைக்கழிச்சல், வைரஸ் நோய், ஆன்டிபயாடிக் அதைத் தொடவே தொடாது என்று கால்நடை மருந்தகத்தில் சொன்னார்கள். இப்போது குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் லசோட்டா என்கிற தடுப்பு மருந்துச் சொட்டு, எட்டாம் வாரம் இறக்கையில் தடுப்பூசி. மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில்தான் கொண்டு வருகிறேன், சூடு பட்டால் வீண்.

*

நாமக்கல் பக்கம், முட்டைக்கோழி. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துதான், ஐந்து நாளும் முழுசாகக் கொடுத்தோம். ஆனால் முட்டையை எப்போதிலிருந்து விற்கலாம் என்று லேபிளில் இல்லை. அப்படிப் போடாத மருந்து என்றால், அதை நிறுத்திய பிறகு முட்டைக்குக் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள் விட வேண்டும் என்று 2012இலேயே விதி வந்திருக்கிறது. எனக்கு டாக்டர் சொல்லித்தான் தெரியும். மருந்து கொடுத்த நாட்களையும் சேர்த்து 12 நாள் முட்டையைக் குழி வெட்டிக் கொட்டினோம். இரண்டாம் நாளே அம்மா குழி ஓரத்தில் நின்று, "நல்ல முட்டையடா" என்றார். "பாப்பாவுக்கு இதை அவித்துக் கொடுப்பாயா அம்மா?" என்று கேட்டேன். பதில் பேசவில்லை. அடுத்த அட்டையை அவரே எடுத்துக் கொடுத்தார். இப்போது மருந்து தொடங்கிய தேதி, முடிந்த தேதி, முட்டை எடுக்கலாம் என்கிற தேதி மூன்றையும் ஷெட் கதவில் சாக்பீஸால் எழுதி வைக்கிறேன்.