கண்மாய்க்கரை, சரளைப் பாதை, பின்னாடி நைட்ரஜன் கேன்: ஆர்15, டர்ட் பைக், ஏடிவி, எக்ஸ்பல்ஸ், எதை எடுக்கலாம்?

கல்லல்_கால்நடை

வணக்கம். ஊர் கல்லல் பக்கம். வயசு 27, உயரம் 5 அடி 5 அங்குலம், எடை 58 கிலோ. மாடுகளுக்குச் சினை ஊசி போடுற வேலை. ஒரு நாளைக்கு ஆறேழு ஊர் சுத்துவேன். ஃபோன் வந்தா உடனே கிளம்பணும். சாயங்காலம் பருவத்துக்கு வந்து கத்தின மாட்டுக்கு மறுநாள் காலையில ஊசி போட்டாகணும், தள்ளிப்போட முடியாது. கேரியர்ல உறைய வச்ச விந்து உள்ள மூணு லிட்டர் திரவ நைட்ரஜன் கேன் இருக்கும். உள்ள மைனஸ் 196 டிகிரி. அது சாயக்கூடாது, ரொம்பக் குலுங்கவும் கூடாது.

இப்ப ஓட்டுறது ஒரு 100 சிசி வண்டி, ஒன்பது வருஷம் ஆச்சு. தார் ரோட்டுல ஒரு குறையும் இல்ல. போன ஐப்பசி மழையில கண்மாய்க்குள்ள குறுக்குப் பாதையில போனேன். கரம்பை மண்ணு முன் மட்கார்டுக்குள்ள அடைச்சு சக்கரம் சுத்தாம நின்னுருச்சு. குச்சியால குத்திக் குத்தி எடுத்து, பத்தடி போய், திரும்ப நின்னு, போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆயிருச்சு. அந்த வீட்டு ஆச்சி ஒரு வார்த்தை சொல்லல, மோர்தான் குடுத்தாங்க. ஆனா அந்தத் தடவை பசு சினை பிடிக்கல. 21 நாள் கழிச்சுத் திரும்பப் போட்டேன். அந்த 21 நாள் எனக்கு மனசே சரியில்ல.

கையில 2 லட்சம் வரைக்கும் இருக்கு. இப்ப முன்னாடி நாலு வண்டி:

ஒண்ணு, யமஹா ஆர்15. பள்ளிக்கூடத்துல படிக்கும்போதே ஆசை. ரெண்டு, தெரிஞ்ச ஒருத்தர் மூலமா வர்ற பழைய 250 சிசி டர்ட் பைக், அதாவது மண் பாதையில பந்தயம் ஓட்டுற பைக். வெளிநாட்டு வண்டி, ஆர்சி புத்தகம் இல்ல, விலை கம்மி. மூணு, ஒருத்தர் விக்கிற பழைய ஏடிவி, கரடுமுரடான இடத்துல ஓட்டுற நாலு சக்கரத் திறந்த வண்டி. நாலு, ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200. ஓட்டினவங்க சொல்லுங்க.

கோட்டையூர் டீச்சர்

தம்பி, நான் மூணு வருஷமா ஆர்15 நாலாம் பதிப்பு வைத்திருக்கிறேன். கோட்டையூரிலிருந்து தேவகோட்டைப் பள்ளிக்குத் தினமும் அதில்தான். அதனால் உங்கள் ஆசை எனக்கு நன்றாகவே புரிகிறது.

155 சிசிதான், ஆனால் 18.4 பிஎஸ் (குதிரைத்திறன்) தருகிறது. 7,400 ஆர்பிஎம் தாண்டினால் எஞ்சின் வால்வு திறக்கிற விதம் மாறி, வண்டி வேறு குரலில் பேச ஆரம்பிக்கும். எடை 142 கிலோவுக்குள், பிரேக் அருமை, ஆறாவது கியரில் நிதானமாகப் போனால் லிட்டருக்கு 45க்கு மேல் கிடைக்கிறது. ஒரே ஒரு தடவை சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஒரு நாள் ஓட்டினேன். 3.7 கிலோமீட்டர் வளைவும் நெளிவும். இந்த வண்டியை எதற்காகச் செய்தார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனால் உங்கள் வேலைக்கு இது வேண்டாம். கைப்பிடி தாழ்வு, உடம்பின் பாரம் மணிக்கட்டில் இறங்கும். தரைக்கும் வண்டிக்கும் நடுவே 170 மி.மீ. இடைவெளிதான். ஆத்தங்குடி பக்கம் ஒரு தெருவில் புதிதாகக் கப்பி கொட்டியிருந்தார்கள். நடக்கிற வேகத்தில்தான் போனேன், முன் சக்கரம் வழுக்கி இடப்பக்கம் சாய்ந்தேன். எனக்குச் சிராய்ப்புகூட இல்லை. வண்டியின் பக்கவாட்டு பிளாஸ்டிக் முழுவதும் மாற்ற வேண்டியதாயிற்று. சாதாரண வண்டி அப்படி விழுந்தால் ஒரு லீவர் வளையும், நிமிர்த்திவிட்டுப் போய்விடலாம்.

பின் சீட்டும் உயரத்தில் ஒரு துண்டுப் பலகை மாதிரி இருக்கும். கேனை எங்கே கட்டுவீர்கள்? முதுகுப் பையில் மட்டும் வைக்காதீர்கள். விழுந்தால் நைட்ரஜன் உங்கள் மேல்தான்.

தோப்புக்காரர்_தேவகோட்டை

ஏடிவி பத்தி நான் சொல்றேன். அஞ்சு வருஷமா என் தென்னந்தோப்புல ஓடுது.

நல்லதை முதல்ல சொல்லிடுறேன். தேங்காய் மூட்டை, உர மூட்டை, மோட்டார், எல்லாத்தையும் முன்னும் பின்னும் ஏத்திக்கிட்டு சேத்துல நிக்காமப் போகும். கியர் மாத்துற வேலை இல்ல, பெல்ட் ஓட்டம்தான். அகலச் சக்கரத்துல காத்து கம்மியா இருக்கிறதால மணல்ல புதையாது. தோப்புக்குள்ள ரெண்டு ஆள் வேலையை ஒரு ஆளா முடிக்கிறேன்.

கெட்டது இதுதான். நாலு சக்கரம் இருக்கு, சாயாதுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க, நானும் நினைச்சேன். மடைக்குப் பக்கத்துல கண்மாய்க்கரையில நேரா மேல ஏத்தினேன். முக்கால்வாசி ஏறினதும் முன் சக்கரம் தூக்கிருச்சு. 300 கிலோவுக்கு மேல உள்ள வண்டி அப்படியே பின்னாடி மல்லாந்துச்சு. நான் பக்கவாட்டுல குதிச்சதால காறை எலும்பு முறிஞ்சதோட தப்பிச்சேன். பைக்னா நாம சாஞ்சா அதுவும் சாயும். இது சாயாது. ஏறும்போது உடம்பை முன்னாடி தள்ளணும், சரிவுல குறுக்கே போறப்ப மேட்டுப் பக்கம் நகரணும். உக்காந்த இடத்துலயே உக்காந்திருந்தா வண்டி நம்மள மதிக்காது. அமெரிக்காவுல மூணு சக்கர ஏடிவி கவுந்து கவுந்து ஆள் செத்து, 1988ல விக்கிறதையே நிறுத்த வச்சாங்க. நாலு சக்கரம் அதைவிடத் தேவலை, அவ்வளவுதான்.

இன்னொண்ணு, என் வண்டிக்கு ரோட்டு அனுமதி கிடையாது. தோப்பு கேட்டைத் தாண்டணும்னா குட்டியானையில ஏத்தித்தான் கொண்டுபோகணும். டிராக்டர் கணக்குல பதிவு பண்ணி ஓட்டுற மாதிரியும் ஒரு ஏடிவி நம்ம நாட்டுல விக்க வந்துச்சு, ஆனா அது உங்க 2 லட்சத்துக்குள்ள வர்ற சமாச்சாரம் இல்ல. அகலம் நாலடி வேற. முள்ளுவேலிக்கு நடுவுல ஒத்தையடிப் பாதையில நுழையவே நுழையாது. தினம் ஏழு ஊர் போற ஆளுக்கு இது எப்படி ஆகும்?

வீட்டுல சின்னப் பிள்ளைக இருந்தா சாவியைக் கண்ணுல காட்டாதீங்க. பதினாறு வயசுக்குக் கீழ பெரிய ஏடிவியில ஏத்தவே கூடாது. என் பேரன் கேட்டு அழுதான், குடுக்கல.

செம்மண்_ஸ்பேனர்

தம்பி, நமக்குக் காரைக்குடி. 24 வருஷமா ஒர்க்‌ஷாப். உங்க ஐப்பசிக் கதையைப் படிச்சதும் எழுதாம இருக்க முடியல. கரம்பை அடைச்ச வண்டியை மழைக்காலத்துல வாரத்துக்கு ரெண்டு நான் பாக்குறேன்.

முதல்ல அந்தப் புத்தகம் இல்லாத 250. அதைத் தொடவே தொடாதீங்க. அது டிராக்குக்குப் பிறந்தது. ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன் எதுவும் இருக்காது. பின்னாடி ஒட்டவச்சாலும் பதிவு ஆகாது, பதிவு இல்லாததுக்கு இன்சூரன்ஸ் கிடையாது. யார் மேலயாவது மோதிட்டா உங்க வீடு, மாடு, எல்லாம் போகும். இந்தியாவுல ஷோரூம்லயே விக்கிற கவாசாகி கேஎக்ஸ் 250 கூட டிராக்குக்கு மட்டும்தான். அந்த எஞ்சினுக்குக் கிலோமீட்டர் கணக்கு இல்ல தம்பி, மணிக் கணக்கு. இத்தனை மணி ஓடினா ஆயில், இத்தனை மணி ஓடினா பிஸ்டன். நீங்க ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் வண்டி மேல இருக்கிற ஆளு. மாசா மாசம் எஞ்சினைப் பிரிக்கணும்.

அந்த வண்டிகளோட நல்ல குணம் என்னன்னா, நூத்திச் சொச்சம் கிலோதான் எடை, 21 அங்குல முன் சக்கரம், ஒசரத்துல நிக்கிற மட்கார்டு, நீள சஸ்பென்ஷன். உங்களுக்கு வேண்டியது இதுல கடைசி மூணும். அது மூணும் ஆர்சி புத்தகத்தோட கிடைக்கிற வண்டிதான் எக்ஸ்பல்ஸ்.

அந்த 21 அங்குலத்தைச் சாதாரணமா நினைக்காதீங்க. மாட்டுவண்டித் தடத்துல 17 அங்குலச் சக்கரம் இறங்கும், இது ஏறிக் கடக்கும். முன் சஸ்பென்ஷன் 190 மி.மீ. ஆடும், பின்னாடி 170. தரை இடைவெளி 220. மட்கார்டு சக்கரத்தை விட்டு ஒரு சாண் மேல இருக்கறதால கரம்பை வந்து ஒட்டினாலும் தானே உதிர்ந்துரும். அன்னைக்கு இந்த வண்டி உங்ககிட்ட இருந்திருந்தா அந்த ஆச்சி வீட்டுக்குக் கால் மணி நேரத்துல போயிருப்பீங்க.

குறையையும் சொல்றேன். 200 சிசி, 19 குதிரைக்குக் கொஞ்சம் கம்மி, எடை 160 கிட்ட. திருச்சி ரோட்டுல 80, 85 வரைக்கும் சுகம். 100ல போகும், ஆனா கையில அதிர்வு ஏறும். மைலேஜ் உங்க 100 சிசி மாதிரி கிடைக்காது, 35லிருந்து 40. சீட் 825 மி.மீ. உங்க உயரத்துக்குக் கால் விரல்தான் தரையில படும். ஒரு வாரத்துல பழகிரும். ஆனா ‘ப்ரோ’ன்னு ஒண்ணு இருக்கும், சீட் 891. ஆசைப்பட்டு அதை எடுத்துராதீங்க. கவாசாகி கேஎல்எக்ஸ் 230 கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்கிற அளவுக்கு நல்ல வண்டி, 139 கிலோதான். ஆனா அதுவும் 880 ஒசரம், டேங்க் 7.6 லிட்டர். பழைய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 சீட் 800தான், உக்கார நல்லா இருக்கும். எடை 199. கண்மாய்க்குள்ள தனியா விழுந்தா 58 கிலோ ஆளு எப்படித் தூக்குவீங்க?

இனி நம்ம ஊர் சமாச்சாரம், சீமைக்கருவேல முள்ளு. எக்ஸ்பல்ஸ் கம்பிச் சக்கரம், உள்ள ட்யூப். அலாய் வீல் கல்லுல அடிச்சா விரிசல் விடும், கம்பிச் சக்கரம் வளைஞ்சு குடுக்கும், தட்டி எடுத்துரலாம். ஆனா முள்ளு ஏறினா ட்யூப் அந்த இடத்துலயே உக்காந்துரும். டியூப்லெஸ் மாதிரி மெல்ல இறங்கி வீடு வந்து சேராது. அதனால ரெண்டு டயர் லீவர், ஒரு கைப் பம்பு, ஒரு 21 அங்குல ட்யூப் எப்பவும் வண்டியில இருக்கணும். அதே ட்யூபை அவசரத்துக்குப் பின்னாடி 18 அங்குலத்துலயும் மடிச்சுப் போட்டு ஓட்டிரலாம். கழட்டி மாட்ட என்கிட்ட வாங்க, கத்துத் தர்றேன், காசு வேண்டாம்.

சரளையில ஃபுட்ரெஸ்ட்ல எந்திரிச்சு நின்னு ஓட்டப் பழகுங்க. டக்கார் ராலிங்கிற நெடுந்தூரப் பந்தயம் ஓட்டுறவங்க பாலைவனத்துல நின்னுக்கிட்டுப் போறது அழகுக்காக இல்ல. முழங்கால் ரெண்டும் இன்னொரு சஸ்பென்ஷன். 2024 டக்கார்ல ராலி 2 பிரிவுல முதலா வந்த கேரளத்து ஹரித் நோவா ஓட்டுறதை வீடியோவுல பாருங்க, இடுப்புக்கு மேல உடம்பு அசையவே அசையாது. உங்களுக்கு வேகம் வேண்டாம், அந்த நிதானம் வேணும்.

கல்லல்_கால்நடை

எல்லாருக்கும் நன்றி. டீச்சரக்கா, முதுகுப் பையில வைக்கலாம்னு நெசமாவே ஒரு யோசனை இருந்துச்சு. விட்டுட்டேன். தோப்புக்காரரய்யா, தோள் இப்ப சரியாயிருச்சா?

நேத்து கூட்டாளியோட எக்ஸ்பல்ஸை வாங்கிக் கண்மாய்க்கரையில கலுங்கு வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். என் வண்டியில பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போற இடத்துல இது பேசாமப் போகுது. ஆனா ஒரு சிக்கல். அதுக்கு நடு ஸ்டாண்டு இல்ல. சைடு ஸ்டாண்டுல போட்டா கேன் சாஞ்சு நிக்கும். காலைத் தூக்கிப் போடுறப்ப கேன் இடிக்கவும் செய்யும். என்ன பண்ணலாம் ஸ்பேனரண்ணே?

செம்மண்_ஸ்பேனர்

சரியான கேள்வி. இதை எந்தக் கடைக்காரரும் உங்ககிட்டச் சொல்லியிருக்க மாட்டாங்க.

கேன் பின்னாடி வேண்டாம், பக்கவாட்டுல வைப்போம். சைலன்சர் வலது பக்கம், அதனால இடது பக்கம் ஒரு இரும்புக் கூடை அடிப்போம். அடியில லாரி ட்யூப் ரப்பரை நாலா மடிச்சு வச்சா குலுக்கல் கேனுக்குப் போகாது, எடையும் தாழ்வா இருக்கும், காலும் தாராளமா போடலாம். மேல ஒரு கொக்கி, ஒரே இழுப்புல கேன் கையோட வரணும். வண்டியை நிறுத்தினதும் முதல் வேலை கேனை இறக்கித் தரையில நேரா வைக்கிறது. அதைப் பழக்கமாக்கிட்டீங்கன்னா நடு ஸ்டாண்டு தேவையில்ல. சைடு ஸ்டாண்டுக்கு அடியில உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு வெல்டு பண்ணிருவோம், ஈர மண்ணுல இறங்காது.

கேனோட அளவு எனக்குத் தெரியணும். கூடையை அளவெடுத்துத்தான் அடிக்கணும், குத்துமதிப்பா அடிச்சா ஆடும்.

கல்லல்_கால்நடை

ஞாயித்துக்கிழமை காலையில வர்றேண்ணே. பழைய கேன் ஒண்ணு வீட்டுல காலியா கிடக்கு, அதையே எடுத்துட்டு வர்றேன். நடுவுல ஃபோன் வந்துட்டா மட்டும் கொஞ்சம் லேட்டாகும்.