ஒரே வயித்துப் பிள்ளைங்க, எனக்கு மட்டும் ஏன் பிரஷர்?

கொண்டலாம்பட்டி தறிக்காரன்:
எனக்கு 44, அண்ணனுக்கு 47. அவர் பேங்க், நான் விசைத்தறி. போன வாரம் பாத்ததுல எனக்கு 160/100, அவருக்கு 124/80. "தினமும் நடங்க, உப்பக் குறைங்க"ன்னாரு டாக்டர். 12 மணி நேரம் தறிக்கும் தறிக்கும் நடுவுல நடக்கிறது நடையில்லீங்களா? நைட்டு ஷிப்ட்டுல டீயும் முறுக்கும்தான் சோறு. இப்ப பேசினாலே கத்துறேன்கறாங்க வீட்ல, காதும் போச்சு போல.

கொலுசு வீட்டு மருமகள், செவ்வாய்பேட்டை:
அண்ணா, எங்க மாமனார் பீடியே தொட்டதில்ல. ஆனா மூச்சு வாங்கும். கொலுசு வெள்ளிய ஒட்டப் பத்தவைக்கிற பொடியில காட்மியம்கிற உலோகம் இருந்தா அந்தப் புகை நுரையீரல், கிட்னி ரெண்டையும் கெடுக்கும். காத்துல தீ அலையும்னு ஜன்னலை மூடியே வேலை. இதுல 'பழக்கவழக்கம்'னு யாரச் சொல்ல?

ரிட்டயர்டு வாத்தியார், அஸ்தம்பட்டி:
1967-ல லண்டன்ல அரசு ஊழியர்களை வச்சு ஒயிட்ஹால் ஆய்வு ஆரம்பிச்சாங்க. அத்தனை பேருக்கும் நிலையான சர்க்கார் உத்தியோகம். அப்படியும் இதய நோய்ச் சாவு, மேலதிகாரிகளை விட கடைநிலை ஆட்களுக்குக் கிட்டத்தட்ட மூணு மடங்கு. சிகரெட்டு, கொழுப்பால வர்றதையெல்லாம் கணக்குல கழிச்சும் வித்தியாசம் பெரும்பாலும் அப்படியே நின்னுச்சு. மாத்திரையை விட்றாதப்பா. 'மக்களைத் தேடி மருத்துவம்'கிற அரசுத் திட்டத்துல வீட்டுக்கே வரும், காசில்ல. பட்டறையில பத்துப் பேராவது இருந்தா இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கேளு.

கொண்டலாம்பட்டி தறிக்காரன்:
ஆறு பேருதாங்க சார். மாத்திரைக்காரம்மா வந்தப்ப தறியில இருந்தேன், பக்கத்து வீட்டக்கா வாங்கி வச்சிருக்காங்க.