அக்கா பொண்ணுக்கு கோல்ஃப் காலண்டர் போட்ட அனுபவம்

தண்டையார்பேட்டை மாமா:
ஸ்கூல் படிக்கிறப்போ ஞாயித்துக்கிழமைகள்ல கோல்ஃப் மைதானத்துல பை தூக்கினவன் நான். கேடி வேலைன்னு வீட்டுல சொன்னதும் பாட்டி தலையில அடிச்சுக்கிட்டாங்க. நம்ம ஏரியாவுல அந்த வார்த்தைக்கு அர்த்தமே வேற.

இப்போ அக்கா பொண்ணு ஆடுறா. பத்தாவது படிக்கிறா. போன டிசம்பர்ல மளிகைக்கடை காலண்டரோட வந்து நின்னா. "மாமா, இந்த வருஷம் டிரைவர்ல இன்னும் 20 யார்டு கூட்டணும், பிளான் போட்டுக் குடுங்க." டிரைவர்னா பந்தை ரொம்ப தூரம் அடிக்கிற குச்சி. கையில 14 போட்டிக்கு லிஸ்ட் வேற.

"அதை ஓரமா வை, ஸ்கோர் கார்டை எடு"ன்னேன். கடைசி 20 ரவுண்டு. ஹேண்டிகேப்புக்கும், அதாவது ஆடுறவங்க தரத்தைக் காட்டுற நம்பருக்கும், அதே 20தான், அதுல நல்ல 8ஐ எடுத்து சராசரி போடுவாங்க. ஒவ்வொரு குழிக்கும் எத்தனை பட், அதாவது குழிகிட்ட வந்து பந்தை உருட்டி விடுற அடி எத்தனைன்னு ஓரத்துல பென்சில் புள்ளி வச்சிருந்தா, கெட்டிக்காரி. தரையில பரப்பி எண்ணினோம். ரவுண்டுக்கு சராசரியா 39 பட். குழிக்கு ரெண்டுன்னு போட்டாலே 18 குழிக்கு 36தானே? கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "அப்போ டிரைவர் பிரச்னை இல்லையா?"

காலண்டர்ல முதல்ல பப்ளிக் எக்ஸாமுக்கு சிவப்பு. அப்புறம் அக்டோபர், நவம்பர் மழை. அதெல்லாம் கழிச்சுப் பார்த்தா 14 போட்டிக்கு இடமே இல்ல, அஞ்சுதான் நின்னுச்சு. தினமும் ராத்திரி அரை மணி நேரம் ஹால்ல பாய் விரிச்சு பட்டிங். குழிக்கு பதிலா எவர்சில்வர் டம்ளரைச் சாய்ச்சு வச்சோம். நிஜக் குழி 108 மில்லிமீட்டர், டம்ளர் அதைவிட ரொம்பச் சின்னது. இதுல போட்டா அதுல விழாதா?

நந்தனம் கோல்ஃப் மைதானத்துக்கு மெட்ரோ மாறாம போயிடலாம், ஆனா முழுப் பையோட ஏறி இறங்கினா தோள் போயிடும். 14 குச்சி வரைக்கும் வச்சுக்கலாம்னுதான் விதி, குறைச்சா யாரும் கேக்க மாட்டாங்க. ஏழுதான் கொண்டு போறா. ஒரு தாத்தா கேட்டாராம், "பாப்பா, காசிமேடா? தூண்டிலா அது?"

ராயபுரம் அம்மா:
அண்ணே, இதை ரெண்டு வருஷம் முன்னாடி படிச்சிருக்கணும். என் பையனுக்கு அப்போ 12 வயசு. லீவுதானேன்னு மே மாசம் நாலு போட்டியில சேர்த்துவிட்டேன். மூணாவதுலயே கையெல்லாம் கொப்புளம், வெயில்ல வாந்தி. இது பத்தாதுன்னு போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது கோச் கிரிப்பை மாத்திவிட்டார். எதையாவது மாத்தணும்னா போட்டி இல்லாத மாசத்துல மாத்துங்கன்னு சொல்ல எனக்குத் தெரியல. பையன் ரெண்டு மாசம் குச்சியைத் தொடவே இல்ல, தெருவுல கேரம் ஆடிட்டுக் கிடந்தான்.

டம்ளர் விஷயம் நேத்து சொன்னேன். ஹால்ல இப்போ டங்கு டங்குன்னு சத்தம், கீழ்வீட்டுல கேக்குறாங்க.

தண்டையார்பேட்டை மாமா:
டம்ளருக்குள்ள பழைய சாக்ஸை அடைங்கம்மா. எங்க கீழ்வீட்டுக்காரரும் வந்தாரு.