வீட்ல வாய்ஸ் ரெக்கார்ட் பண்ணும்போது மூச்சு சத்தம் ரொம்ப கேக்குது, எப்படி குறைக்கறது?

வேளச்சேரி_ஸ்ருதி:
எல்லாருக்கும் வணக்கம். வேளச்சேரில ரெண்டாவது மாடி வீடு, பெட்ரூம்ல வச்சுதான் பாடி ரெக்கார்ட் பண்றேன், பக்திப் பாட்டும் கொஞ்சம் மெலடி கவரும். ஆடியோ டெக்னிகா ஏடி2020 மைக், மைக்கை கம்ப்யூட்டரோட இணைக்கற சின்ன இன்டர்ஃபேஸ், ரீப்பர் சாஃப்ட்வேர்ல எடிட். பகல்ல ஹாரன், பக்கத்து வீட்டு தண்ணி மோட்டார்னு ஏதாவது ஒண்ணு ஓடிட்டே இருக்கும், அதனால ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம் ஃபேன் ஏசி எல்லாம் ஆஃப் பண்ணிட்டு மெதுவா பாடறேன். எஃபெக்ட் எதுவும் போடாத ரா ட்ராக் மட்டும் கேட்டா பெருசா ஒண்ணும் தெரியல, ஆனா கம்ப்ரஸர் (பெருசா வர்ற சத்தத்த அமுக்கறது) போட்டு மியூசிக்கோட சேத்து கேட்டா ஒவ்வொரு வரிக்கு முன்னாடியும் "ஹ்ஹா"ன்னு ஒரு இழுப்பு, அதுவும் ஹெட்ஃபோன்ல கேட்டா தாங்க முடியல. நாய்ஸ் கேட் (ஒரு அளவுக்குக் கீழ இருக்கற சத்தத்த வெட்டறது) போட்டு பாத்தேன், மூச்சு போகுது ஆனா வரி முடியற இடத்துல நெடில் எழுத்து இழுக்கறதும் சேந்து டக்குனு கட் ஆகுது. பாப் ஃபில்டர் ஏற்கனவே இருக்கு. மூச்சு எடுக்கறதுக்குன்னு ப்ளகின் வாங்கணுமா, இல்ல மைக்கயே மாத்தணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பெரம்பூர்_டேக்:
எதுக்கு காசு போடறீங்க, மூச்சு வர்ற இடம் எல்லாத்தையும் செலக்ட் பண்ணி டிலீட் பண்ணிடுங்க, ஒரு பாட்டுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. நான் ராப் ட்ராக் எல்லாம் அப்படித்தான் பண்றேன், க்ளீனா இருக்கும்.

மாம்பலம்_மிக்ஸ்:
ராப்ல வேகமா வார்த்தை வந்துட்டே இருக்கும், பீட்டும் அடைச்சிட்டு நிக்கும், அதனால டிலீட் பண்ணாலும் தெரியாது ப்ரோ. இவங்க பாடறது பக்திப் பாட்டு, தம்புரா மட்டும் ஓடற இடத்துல மூச்சை மொத்தமா எடுத்தா அந்த இடம் ஓட்டை விழுந்த மாதிரி கேக்கும், பாடறவங்க உயிரோட நின்னு பாடற ஃபீலே போயிடும். மூச்சு இருக்கணும், முன்னாடி வந்து நிக்கக்கூடாது, அவ்ளோதான்.

ஸ்ருதி, உங்க கேள்வியிலயே காரணம் இருக்கு பாருங்க. ரா ட்ராக்ல ஒண்ணும் தெரியல, கம்ப்ரஸர் போட்டப்புறம்தான் வருதுன்னு சொல்றீங்கல்ல, அதான் விஷயம். ஒரு கணக்கு சொல்றேன். உங்க குரல் மைனஸ் 12 டிபில (சத்தத்தோட அளவு, 0தான் உச்சம்) இருக்கு, மூச்சு மைனஸ் 40ல இருக்குன்னு வைங்க, நடுவுல 28 டிபி இடைவெளி. இப்ப த்ரெஷோல்ட் (அமுக்க ஆரம்பிக்கற அளவு) மைனஸ் 24, ரேஷியோ 4க்கு 1 (தாண்டின ஒவ்வொரு 4 டிபியும் 1 டிபி ஆகறது)னு கம்ப்ரஸர் போட்டா குரல் 9 டிபி கீழ இறங்கும். மூச்சு த்ரெஷோல்டுக்கு கீழயே இருக்கறதால அதை கம்ப்ரஸர் தொடவே தொடாது. அப்புறம் மேக்கப் கெயின்ல, அதாவது குறைஞ்சத மொத்தமா ஏத்தற இடத்துல, அந்த 9 டிபிய திருப்பி ஏத்துவீங்க, குரல் பழைய இடத்துக்கே வந்துடும், ஆனா மூச்சு மைனஸ் 31க்கு ஏறிடும். 28 இருந்த இடைவெளி 19 ஆயிடுச்சு. ஆட்டோ மேக்கப் ஆன்ல இருந்தா இது நடக்கறதே நமக்குத் தெரியாது. அது மேல காத்தோட்டமா இருக்கட்டும்னு 10 கிலோஹெர்ட்ஸ்ல ஹை ஷெல்ஃப் (மேல் ஃப்ரீக்வென்சி எல்லாத்தையும் சேத்து ஏத்தற ஈக்யூ) ஏத்துவோம், மூச்சோட இரைச்சலும் அந்த மேல் பக்கத்துலதான் நிறைய இருக்கு, அதுவும் சேந்து ஏறும். ரிவர்புக்குள்ள (எதிரொலி எஃபெக்ட்) போயி பரவுறது வேற.

அதனால மூச்சை கம்ப்ரஸருக்கு முன்னாடியே இறக்கணும். ரீப்பர்ல நிறைய பேர் ட்ராக் வால்யூம் ஆட்டோமேஷன் வரைஞ்சு இறக்குவாங்க, அது எஃப்எக்ஸ் (கம்ப்ரஸர், ரிவர்ப் மாதிரி எஃபெக்ட்) எல்லாம் முடிஞ்சப்புறம் வர்றது. ட்ராக்ல இருக்கற ஆடியோ துண்டு, அதாவது ஐட்டத்தோட வால்யூம்தான் எஃப்எக்ஸுக்கு முன்னாடி வரும். மூச்சுக்கு ரெண்டு பக்கமும் எஸ் கீ அடிச்சு ஸ்ப்ளிட் பண்ணுங்க, அந்த துண்டை மட்டும் 6லேருந்து 10 டிபி வரைக்கும் குறைங்க, ரெண்டு பக்கமும் சின்ன ஃபேட் (சத்தம் படிப்படியா ஏறி இறங்கறது) போடுங்க, க்ளிக் சத்தம் வராது. வரி முடியற கார்வைல (நீட்டிப் பிடிக்கற ஸ்வரம்) கைய வைக்காதீங்க, அது நல்லா தேய்ஞ்சு அடங்கினப்புறம் வர்ற மூச்சை மட்டும் பிடிங்க, நாய்ஸ் கேட்டால முடியாதது இதுதான், அதுக்கு சத்தம் பெருசா சின்னதான்னு மட்டும்தான் தெரியும், கார்வை எது மூச்சு எதுன்னு தெரியாது.

ப்ளகின் கேட்டீங்க. வேவ்ஸ்ல டீப்ரெத் இருக்கு, ஐசோடோப் ஆர்எக்ஸ்ல ப்ரெத் கன்ட்ரோல்னு ஒரு மாட்யூல் இருக்கு, ரெண்டும் வேலை செய்யும், ஆடியோ புக் மாதிரி மணிக்கணக்குல பேசறதுக்கு அது பெரிய உதவி. ஆனா ஒரு பாட்டுல இருக்கற மூச்சை கையாலயே பாத்துடலாம், உங்க பாட்டோட உணர்ச்சியும் கெடாது, இப்போதைக்கு வாங்க வேணாம்னுதான் சொல்வேன். மைக்கும் மாத்த வேணாம்.

சாதகம்_தினமும்:
மிக்ஸிங் பத்தி சார் நல்லா சொல்லிட்டார், நான் பாட்டு சொல்லிக்கொடுக்கறவ, பாடற பக்கத்துலேருந்து சொல்றேன்மா. ராத்திரி மெதுவா பாடறேன்னு எழுதியிருக்கீங்க இல்லையா, அதுலதான் எனக்குக் கண்ணு போச்சு. அடக்கி பாடும்போது குரல் சின்னதாகும், குரல்லயே காத்து கலந்து வரும், ஆனா மூச்சு இழுக்கற சத்தம் சின்னதாகாது. பத்தாததுக்கு குரல் சன்னமா இருக்கேன்னு இன்டர்ஃபேஸ்ல கெயின திருப்பியிருப்பீங்க, மூச்சும் கூடவே ஏறிடும். மைக்குக்குப் போறதுக்கு முன்னாடியே பாதி கெட்டுடுது.

என் யோசனை, பகல்ல பாடுங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிஞ்சு தெருவே அடங்கி இருக்கற நேரம் பாருங்க, முழு குரல்ல பாடுங்க. நடுவுல ஹாரன் வந்தா அந்த ஒரு வரிய மட்டும் திரும்ப எடுத்துக்கலாம். அடக்கிப் பாடின குரலுக்கு அப்புறமா பலம் கொடுக்க எந்த மெஷினாலயும் முடியாது.

அப்புறம் மூச்சு. சத்தம் வர்றது காத்தாலன்னு நினைக்கறோம், அது போற வழி குறுகலா இருக்கறதாலதான் வருது. உதட்டை லேசா திறந்து தொண்டைய இறுக்கி வேகமா இழுத்தா சத்தம் வரத்தான் செய்யும். கொட்டாவி வர்றப்ப தொண்டை பின்னாடி திறக்கும் பாருங்க, அந்த நிலைல வாய வச்சுக்கிட்டு இழுத்துப் பாருங்க, காத்து வரும், சத்தம் வராது. தோள் மேல ஏறக்கூடாது, வயிறும் விலாவும் விரியணும். இடைவெளி நிறைய இருக்கற இடத்துல மூக்கால எடுங்க, ஜலதோஷம் இருந்தா அது வேணாம், மூக்குல விசில் வரும்.

பாட்டு பேப்பர்ல எங்கெங்க மூச்சு எடுக்கணும்னு பென்சில்ல குறிச்சு வச்சுக்கோங்கம்மா. என் பசங்ககிட்ட முதல்ல இதைத்தான் கேப்பேன். அடுத்த வரி தொடங்கற எடுப்புக்கு ஒரு நொடி இருக்கறப்ப அவசரமா இழுக்கறதாலதான் அந்த "ஹ்ஹா" வருது, போன வரி முடிஞ்ச உடனே எடுத்து வச்சுக்கிட்டா அவசரமே கிடையாது. வார்த்தை நடுவுலயும் மூச்சு உடையாது, சாகித்யம் புரியும். காலைல மந்திர ஸ்தாயில (தாழ்ந்த ஸ்வரங்கள்) நீளமா கார்வை பிடிச்சு சாதகம் பண்றது இதுக்குத்தான் பெரிய உதவி, மூச்சு நீளமா நிக்கப் பழகிடுச்சுன்னா ரெக்கார்டிங்ல பாதி கவலை போயிடும்.

பெரம்பூர்_டேக்:
அக்கா சொன்ன பென்சில் விஷயம் ராப்புக்கும் கரெக்டுதான், ட்ரை பண்றேன்.

மந்தவெளி_மைக்:
மைக் வைக்கற இடத்த யாரும் சொல்லலயே, அதையும் சேத்துக்கோங்க. பாப் ஃபில்டர் ப, ப்ப மாதிரி எழுத்துல வர்ற காத்து அடியத் தடுக்கும், மூச்சு இழுக்கற சத்தம் அதைத் தாண்டி வந்துடும், அதனால அது இருந்தும் கேக்குதேன்னு யோசிக்காதீங்க. மைக்கை நேரா வாய் முன்னாடி வைக்காம கண்ணு உயரத்துக்கு ஏத்தி, கொஞ்சம் பக்கவாட்டுலயும் தள்ளி, மூக்குப் பக்கம் பாத்து சாய்ச்சு வைங்க, ஒரு ஜாண் தூரம். நீங்க நேரா பாத்து பாடுங்க. மேல் ஃப்ரீக்வென்சி எல்லாம் வாயிலேருந்து நேர்க்கோட்டுல போறதாலயும், உங்க மைக் கார்டியாய்டு (முன்பக்க சத்தத்த அதிகமா பிடிக்கறது)ங்கறதாலயும் அந்த இரைச்சல் கொஞ்சம் மழுங்கிடும், குரல் பெருசா மாறாது. ஒரேடியா தள்ளி நின்னா மூச்சோட குரலும் சேந்துதான் குறையும், சிமெண்ட் சுவரு டைல்ஸ் தரைன்னு ரூம் எக்கோதான் மிச்சம். பின்னாடி துணி நிறைஞ்ச அலமாரியத் திறந்து வச்சுக்கிட்டு அதுக்கு முதுகு காட்டி நில்லுங்க, பக்கத்துல கனமான ஜமக்காளம் தொங்க விட்டாலே போதும், ரிச்சி ஸ்ட்ரீட் போயி ஃபோம் வாங்கணும்னு அவசியம் இல்ல.

இன்னொண்ணு, ஹெட்ஃபோன்ல உங்க குரல கொஞ்சம் கம்மியா வச்சுக்கோங்க. நம்ம குரல் காதுல பெருசா கேட்டா தானா அடக்கிப் பாடுவோம்.

வேளச்சேரி_ஸ்ருதி:
ரொம்ப ரொம்ப நன்றி எல்லாருக்கும். ஆட்டோ மேக்கப் ஆன்லதான் இருந்தது அண்ணா, இப்பதான் திறந்து பாத்தேன். மைக் கண்ணு உயரத்துக்கு ஏத்தி மத்தியானம் முழு குரல்ல ஒரு சரணம் பாடினேன், கெயின நல்லாவே இறக்க வேண்டியிருந்தது, மூச்சு அந்த அளவுக்கு முன்னாடி வரல. ஃபேன் இல்லாம வேர்த்து ஊத்துது, அதனால ரெண்டு வரி பாடறது, ஃபேன் போடறதுன்னு மாத்தி மாத்தி போகுது. ஒரு சந்தேகம், பல்லவிக்கு டபுள் ட்ராக்கும் (அதே வரிய இன்னொரு தடவ பாடினது) ஹார்மனியும் (வேற ஸ்வரத்துல சேத்துப் பாடினது) வச்சிருக்கேன், மெயின் குரலான லீடோட சேத்து மூணுலயும் மூச்சு வருது, எல்லாத்தையும் 8 டிபி குறைச்சா போதுமா?

மாம்பலம்_மிக்ஸ்:
அங்க மட்டும் பெரம்பூர் ப்ரோ சொன்னத செய்யுங்க. லீட்ல இருக்கற மூச்சை மட்டும் குறைச்சு வச்சுட்டு, டபுள்லயும் ஹார்மனிலயும் சுத்தமா வெட்டிடுங்க. மூணு ட்ராக்லயும் மூச்சு கொஞ்சம் முன்னப்பின்ன வந்தா அதுதான் முதல்ல காதுல விழும், லீட் மூச்சு அந்த இடத்த மூடிடும், வெட்டினது தெரியாது. வெட்டின ஓரத்துல ஃபேட் இருக்கான்னு ஒவ்வொண்ணா தனியா ஸோலோ போட்டு கேட்டுடுங்க, அப்புறம் மியூசிக்கோட சேத்து ஒரு தடவ. வரி முடியறப்ப வர்ற த், ட் எழுத்துகளையும் ஹார்மனில லேசா இறக்கினா லீட் வார்த்தை இன்னும் தெளிவா நிக்கும். முடிச்சுட்டு லிங்க் போடுங்க, கேக்கறோம்.