வீட்டுச் சாக்கெட்டில் காருக்குச் சார்ஜ்: தமிழில் என்ன சொல்வது?

கோவையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

கலைச்சொல் மடற்குழுவினருக்கு வணக்கம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டிய ஒரு பக்கம் கையில் இருக்கிறது. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் கார் நிறுத்துமிடத்து பிளக் பாயிண்ட்டுக்குப் பக்கத்தில் ஒட்டப்போகும் தாள். வீட்டுச் சாக்கெட்டிலிருந்து மின்சாரக் காருக்குச் சார்ஜ் போடுகிறவர்கள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று பத்து வரி.

போன மாதம் அங்கே ஒரு சாக்கெட் கருகிவிட்டது. நான் இறங்கிப்போய்ப் பார்த்தபோது மூன்று ஓட்டைகளில் ஒன்றைச் சுற்றி மட்டும் வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி, வாய் இளகி விரிந்திருந்தது. பிளக்கின் பித்தளைக் கால் ஒன்று கறுத்திருந்தது. வாடையை முதலில் பிடித்தவர் இரவுக் காவலர். சுவரில் எச்சரிக்கைத் தாள் இருந்தது, முழுக்க ஆங்கிலத்தில். எதை அணைப்பது என்று தெரியாமல் ஐந்தாவது மாடிவரை ஓடி, கார்க்காரரை எழுப்பியிருக்கிறார். அந்தக் காவலர் ஒரு தடவை படித்ததும் பிடிபடுகிற தமிழ் எனக்கு வேண்டும்.

சார்ஜ் செய்வதற்கு ‘மின்னூட்டம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். சாக்கெட், எர்த், கேபிளின் நடுவில் தொங்கும் பெட்டி, ராத்திரி முழுக்க மெதுவாகச் சார்ஜ் ஏறும் இந்த முறை, இவை நான்கும் இன்னும் காலியாக இருக்கின்றன.

திருநெல்வேலியிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, மின்னூட்டத்தை விட்டுவிடாதீர்கள். உண் என்பதன் பிறவினை ஊட்டு. சோறூட்டுவதோடு அது நின்றுவிடவில்லை. செம்பஞ்சு ஊட்டுகிறோம், சாயம் ஊட்டுகிறோம். சங்கப் பாட்டில் அசோகின் தளிரை ‘ஊட்டியன்ன ஒண்தளிர்’ என்கிறார்கள், அரக்குச் சாயம் ஊட்டியதைப் போன்ற தளிர் என்று. மேலே பூசியதை அப்படிச் சொல்ல மாட்டார்கள். உள்ளே இழுத்துக்கொண்டு தன்னுடையதாக்கிக் கொள்வதுதான் ஊட்டம். பாட்டரிக்குள் நடப்பதும் அதுவே அல்லவா? சிலர் ‘மின்னேற்றம்’ என்பார்கள். ஏற்றம் என்றால் வண்டியில் மூட்டை ஏற்றுவது. மூட்டை வண்டியோடு சேர்வதில்லை.

சேலத்திலிருந்து, தொழிற்பயிற்சி நிலையத்தில் எலெக்ட்ரீசியன் பிரிவுப் பயிற்றுநர்:

ஐயா சொன்ன பொருள் அழகாக இருக்கிறது, ஆனால் வகுப்பில் எனக்கு அது தொல்லை. தமிழ்நாட்டுப் பாடநூலில் மின்னூட்டம் என்பது கூலும் என்ற அலகில் அளக்கிற ஒரு பண்பு. அதே சொல்லைச் சார்ஜ் போடுகிற செயலுக்கும் வைத்தால், ‘மின்னூட்டம் எவ்வளவு நேரம்’ என்று கேட்கும்போது பையன் விழிக்கிறான்.

பேச்சைக் கேளுங்கள். ‘சார்ஜ் ஏறுது’, ‘ஏறவே மாட்டேங்குது’, ‘மத்தியானமே இறங்கிடுச்சு’. ஏறுவதும் இறங்குவதும் ஏற்கெனவே சனங்கள் வாயில் இருக்கின்றன. பாடநூலிலும் எதிர்ச்சொல் மின்னிறக்கம்தான். இறக்கத்துக்கு இணை ஏற்றமா, ஊட்டமா? ஐயாவுடைய இலக்கணத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஏற்று என்ற பிறவினைக்கு ஏறு என்ற தன்வினை கைவசம் இருக்கிறது. ‘மின் ஏறுகிறது’ என்றால் புரியும். ஊட்டு என்பதற்குத் தன்வினை உண். ‘கார் மின் உண்கிறது’ என்று யார் சொல்வார்கள்?

அடுத்தது அந்தப் பெட்டி. எல்லாரும் அதைச் சார்ஜர் என்கிறோம், அது சார்ஜர் இல்லை. வீட்டிலிருந்து வருவது மாறுதிசை மின்சாரம், பாட்டரிக்கு வேண்டியது நேர்திசை. அந்த மாற்றத்தைச் செய்கிற கருவி காருக்குள் இருக்கிறது, அதுதான் மின்னேற்றி. கேபிளில் தொங்கும் பெட்டி ஒரு காவல்காரன். எர்த் இருக்கிறதா என்று முதலில் பார்க்கும். இல்லையென்றால் சிவப்பு விளக்கு, அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. இருந்தால், தனியாக ஒரு மெல்லிய கம்பியில் விநாடிக்கு 1000 தடவை துடிக்கும் சைகை ஒன்றை அனுப்பி, இவ்வளவு ஆம்பியர்தான் எடுக்கலாம் என்று காருக்குச் சொல்லும். ஒவ்வொரு துடிப்பிலும் கால் பங்கு நேரம் மேலே நின்றால் 15 ஆம்பியர், பத்தில் ஒரு பங்கு நின்றால் 6. கார் சம்மதித்த பிறகுதான் உள்ளே ரிலே, அதாவது மின்சாரத்தைத் திறந்துவிடும் தானியங்கிச் சுவிட்ச், ‘டக்’ என்று விழும். மின்சாரம் 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே பெட்டி இணைப்பை அறுத்துவிடும். ஆகவே ‘காப்புப் பெட்டி’ என்று போடுங்கள்.

சாக்கெட் ஏன் கருகுகிறது என்பதும் தாளில் வரட்டும். 230 வோல்ட், 15 ஆம்பியர் என்றால் கிட்டத்தட்ட மூன்றரை கிலோவாட். கீசரும் அவ்வளவு இழுக்கும்தான், ஆனால் இருபது நிமிடத்தில் தண்ணீர் சுட்டதும் தானே நின்றுவிடும். 30 யூனிட் பாட்டரி காலியாக இருந்தால் கார் ஒன்பது பத்து மணி நேரம் விடாமல் இழுக்கும். சாக்கெட்டின் உள்ளே பித்தளை நாக்கு கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் அந்த ஒரு புள்ளியில் சூடு சேர்ந்துகொண்டே போகும். பெட்டியில் 10 ஆம்பியர் என்று மாற்ற வசதியிருந்தால் மாற்றிவிடலாம். நேரம் ஒன்றரை மடங்காகும், அந்தப் புள்ளியில் எழும் சூடு பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

வணக்கம். எங்கள் பாடநூல்களில் ஏற்றம், மின்னேற்றம் என்றுதான் படித்தோம். பிளக்குக்குச் செருகி, சாக்கெட்டுக்குக் குதை. வில்லின் நுனியில் நாணை மாட்டுகிற வெட்டுக்குக் குதை என்று பெயர், விற்குதை என்பார்கள். ஒன்று போய் இறுக்கமாக உட்காருகிற இடம் என்பதால் அந்தச் சொல் பொருந்துகிறது. நியூட்ரல் கம்பிக்கு நொதுமல் கம்பி. நீங்கள் ஏன் இவற்றை எடுத்துக்கொள்ளக்கூடாது?

திருநெல்வேலியிலிருந்து, தமிழாசிரியர்:

நொதுமல்! காலையில் இந்த மடலைப் படித்ததிலிருந்து மனம் அங்கேயே நிற்கிறது. நொதுமலர் என்றால் உறவுமில்லாத பகையுமில்லாத அயலார். அகத்துறையில் ‘நொதுமலர் வரைவு’ என்றே ஒரு துறை உண்டு, தலைவியை அயலார் பெண்கேட்டு வருவது. இந்தப் பக்கமும் சாயாத, அந்தப் பக்கமும் சாயாத கம்பிக்கு அந்தச் சொல்லைத் தேர்ந்தவர் எவரோ, அவரைக் கும்பிட வேண்டும். நாம் ‘நடுநிலைக் கம்பி’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டோம்.

ஏற்றம் என்றதும் இன்னொன்றும் தோன்றியது. கிணற்றில் ஏற்றம் இறைப்பதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். விடியுமுன் தொடங்கி, சால் சாலாக, பாட்டோடு எண்ணிக்கை சொல்லி இறைப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வயல் நனையும். ராத்திரி முழுக்க மெல்ல ஏறும் இந்த முறைக்கு அந்த ஏற்றம் பொருந்தத்தான் செய்கிறது. ஆனாலும் என் வாக்கு ஊட்டத்துக்கே.

மெதுவான முறைக்கு ‘இல்லேற்றம்’ என்று வைக்கலாமா? இல் என்றால் வீடு. தனிக்குறில் முன் ஒற்று உயிர் வரின் இரட்டும், விதியும் சரி.

சேலத்திலிருந்து:

ஐயா, இல்லேற்றம் என்று சுவரில் எழுதினால் ‘ஏற்றம் இல்லை’ என்றுதான் படிப்பார்கள். கார்க்காரர் வேறு இடம் தேடிப் போய்விடுவார்.

‘சொட்டு மின்னேற்றம்’ என்று யாராவது சொல்வதற்கு முன்பே அதையும் வேண்டாம் என்கிறேன். நிறைந்த பாட்டரி இறங்கிவிடாமல் துளித்துளியாகக் கொடுக்கும் வேலை ஒன்று பாட்டரிக் கடைகளில் தனியாக இருக்கிறது. சொட்டை அதற்கு விட்டுவைப்போம்.

சென்னையிலிருந்து:

ஒருவரும் எர்த்தைத் தொடவில்லையே. ‘புவியிணைப்பு’ என்று அச்சிடுங்கள். சாக்கெட்டுக்குக் குதை. மின்மாற்றி என்ற சொல் வந்த முதல் நாள் அது யாருக்குப் புரிந்தது? இன்று எங்கள் தெரு முனையில் ‘மின்மாற்றி, தொடாதே’ என்று பலகை நிற்கிறது, எல்லாரும் படிக்கிறார்கள். அச்சில் வராத சொல் எந்தக் காலத்திலும் புரியாது. புரியாது புரியாது என்றே ஐம்பது ஆண்டு ஓட்டிவிட்டோம், இது எனக்கு ஆற்றாமை.

திருநெல்வேலியிலிருந்து, தமிழாசிரியர்:

கடன்சொல்லே வேண்டும் என்றால் அதையாவது தமிழ் எழுத்து மரபுப்படி எழுதுங்கள். ‘ரகார ழகாரம் குற்றொற் றாகா’ என்பது தொல்காப்பியம். தனிக்குறிலை அடுத்து ர் ஒற்று நிற்காது. எர்த் என்பதில் நிற்கிறது. முதலெழுத்தை நீட்டி, கடைசியில் உகரம் சேர்த்து ‘ஏர்த்து’ என்றால் வழுவில்லை. பார்த்து, சேர்த்து, ஈர்த்து எல்லாம் இருக்கின்றன.

சென்னையிலிருந்து:

ஏர் என்றால் கலப்பை, ஐயா. வயலுக்குப் போய்விடும்.

சேலத்திலிருந்து:

சென்னை நண்பரின் ஆற்றாமை எனக்கும் உண்டு. பத்து வருடமாக வகுப்பில் புவியிணைப்பு என்றுதான் எழுதிப் போடுகிறேன். ஆனால் வேலைக்குப் போன பையன் போன் செய்து, ‘சார், எர்த்து வரல’ என்கிறான். மின்மாற்றிப் பலகையில் மண்டையோடும் எலும்பும் வரைந்திருக்கிறது, சொல் தெரியாதவனும் ஒதுங்கிப் போவான். இந்தத் தாளில் அப்படி ஒரு படம் போட வழியில்லை. ‘புவியிணைப்பு இல்லையேல் செருகாதீர்’ என்பதை நின்று யோசித்தால் காவலர் கண்டுபிடித்துவிடுவார். நின்று யோசிக்க நேரமிருக்கும் இடம் பாடநூல், கருகுகிற சாக்கெட்டின் முன்னால் அந்த நேரம் இல்லை. குதையைப் பாடநூலில் கொண்டுவருவோம், நானே முதலில் கை தூக்குகிறேன்.

கோவையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு வரைவை எடுத்துக்கொண்டு கீழே போனேன். காவலர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். மின்னூட்டம் என்ற இடத்தில் நின்று என்னைப் பார்த்தார். மின்னேற்றம் என்று மாற்றி எழுதிக் காட்டினேன். “சார்ஜ் ஏத்தறதுதானுங்களே?” என்றார். புவியிணைப்பைத் தாண்டிப் போய்விட்டார். என்னவென்று கேட்டதற்கு, ஏதோ நிலம் சம்பந்தப்பட்டது என்று நினைத்தாராம். காப்புப் பெட்டியைக் கேபிளில் சரியாகத் தொட்டுக் காட்டினார். குதையை அவரிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. யாழ்ப்பாணத்து நண்பர் மன்னிக்க வேண்டும்.

அச்சுக்குப் போன வரிகளில் சில:

‘இங்கே மின்சாரக் காருக்கு மின்னேற்றம் செய்யலாம். 16 ஆம்பியர் பெரிய பிளக் பாயிண்ட்டில் மட்டும் செருகவும். எக்ஸ்டென்ஷன் கம்பி கூடாது. காப்புப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் எர்த் (புவியிணைப்பு) சரியில்லாமல் இருக்கலாம். எலெக்ட்ரீசியனை அழைக்கவும். பிளக் கை பொறுக்காத சூடாக இருந்தாலோ கருகல் வாடை வந்தாலோ பிளக்கைத் தொட வேண்டாம். சுவரில் உள்ள சிவப்புப் பெட்டியின் மெயினை முதலில் இறக்கவும்.’

மெதுவான முறைக்கு ‘வீட்டு மின்னேற்றம்’ என்றே விட்டுவிட்டேன். எண்ணிப் பார்த்தால் மின்னேற்றத்துக்கு ஐந்து பேர், மின்னூட்டத்துக்கு இரண்டு பேர். மற்றவர்கள் வாய் திறக்கவில்லை.

சென்னையிலிருந்து:

அடைப்புக்குறிக்குள் இருக்கும் புவியிணைப்பு அடுத்த பதிப்பில் வெளியே வரட்டும். எர்த் உள்ளே போகட்டும்.

திருநெல்வேலியிலிருந்து, தமிழாசிரியர்:

தாளை அச்சிட்டது சரி, அம்மா. காவலருக்குப் புரிந்ததே, அதற்கு மேல் நான் என்ன சொல்ல? ஆனால் ஏற்றுவதெல்லாம் இறங்கிவிடும், ஊட்டியதுதான் உடம்பில் ஒட்டும். பாட்டரி ஆண்டுக்கு ஆண்டு ஏன் தளர்கிறது என்று பயிற்றுநர் தம்பி ஒரு மடல் எழுதினால், அதை வைத்து நான் மறுபடி வருகிறேன்.