தேர்வில் தடுமாறும் மருத்துவ மாணவிக்கு எதைக் கற்றுக்கொடுப்பது?

கேள்வி (கோலாலம்பூர்):
வணக்கம். மருத்துவ மாணவர்களுக்கு வாரம் இருமுறை மாலை வகுப்பு எடுத்து வருகிறேன். மூன்றாம் ஆண்டுத் தேர்வை மறுமுறை எழுதவிருக்கும் ஒரு மாணவி, வார்டில் நோயாளியின் அருகில் நின்று கேட்டால் தெளிவாகப் பதில் சொல்கிறார். ஐந்து விடைகளுள் மிகப் பொருத்தமான ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாத்தாளை முன்னால் வைத்தாலோ, இரண்டு விடைகளுக்கு நடுவே தயங்கித் தவறானதை வட்டமிடுகிறார். பழைய வினாத்தாள்களைக் கட்டுக்கட்டாகக் கொடுத்தும் மதிப்பெண் உயரவில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1 (பினாங்கு):
ஐயா, வினாத்தாள்களை நிறுத்திவிட்டு, பத்தே வினாக்களை அவர் வாய்விட்டு யோசித்தபடி செய்யட்டும். நீங்கள் குறுக்கிடாமல் குறித்துக்கொள்ளுங்கள். நான் வழிநடத்திய மாணவர் ஒருவருக்கு ஒரு டிங்கி வினா வந்தது: காய்ச்சலின் ஐந்தாம் நாள், உடல்சூடு தணிந்துவிட்டது, வயிற்றுவலி, விடாத வாந்தி, ஹெமட்டோகிரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்) உயர்வு, பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் அணுக்கள்) சரிவு. உடனடியாகச் செய்ய வேண்டியது என்ன என்பதே கேள்வி. அவர் டிங்கியை உறுதிசெய்யும் என்.எஸ்.1 இரத்தப் பரிசோதனையை வட்டமிட்டார். டிங்கி என்று உடனே கண்டுகொண்ட மகிழ்ச்சியில், கடைசி வரியை 'நோயை எப்படி உறுதிசெய்வது' என்று மனத்துக்குள் மாற்றிப் படித்திருந்தார். பிளாஸ்மா கசிவின் (இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களுக்கு வெளியே கசிவதன்) அறிகுறிகள் அத்தனையும் கண்முன் இருக்க, சலைன் ஏற்றும் விடையைத் தாண்டிப் போய்விட்டார். அது பாட அறிவின் குறை அன்று. அன்றுமுதல் விடைகளைத் தாளால் மூடி, கடைசி வரியை முதலில் படித்து, பிறகு நோயாளியின் விவரத்தைப் படித்து, தம் விடையை ஓரத்தில் எழுதிய பின்பே தாளை விலக்கப் பழக்கினேன்.

பதில் 2 (கோலாலம்பூர்):
மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் எல்லார்க்கும் வாசிப்புதான் சிக்கல் என்று கொள்ள வேண்டாம். குறிப்பேட்டைத் திரும்பத் திரும்பப் படிப்பவர்களுக்கு எல்லாம் தெரிந்ததுபோல் தோன்றும். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுவாசிப்புச் செய்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்தோ, ஏட்டை மூடிவிட்டு நினைவுகூர்ந்து எழுதியவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தனர். இன்னொன்று: 'முதலில் தோன்றிய விடையை மாற்றாதே' என்று நாம் வழிவழியாகச் சொல்லும் அறிவுரையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மாற்றப்பட்ட விடைகளில் தவறிலிருந்து சரிக்குப் போனவையே அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. காரணம் தெரிந்து மாற்றுகிறாரா, பயத்தில் மாற்றுகிறாரா என்பதைத்தான் அவரிடம் கேட்க வேண்டும்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று ஆறு வினாக்களை வாய்விட்டுச் செய்யச் சொன்னேன். மூன்றில் நோயாளியின் வயதைப் படிக்கவே இல்லை. வார்டில் வயது கண்முன்னே படுத்திருக்கிறது, தாளில் அதைத் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது. மீதி நான்கு வினாக்களை வியாழன் மாலை பார்க்கிறோம்.